பதின்மூவாயிரம் பவுன் கழித்தவர்

கையில் எதைக் கொடுத்தாலும் சுயம்புலிங்கம் அதை முதலில் ஒரு சாண் உயரம் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். தேங்காயாக இருந்தால், "எழுவத்தஞ்சு பவுன்" என்பார். கல்யாணப் பத்திரிகையாக இருந்தால், "பன்னெண்டு பவுன். பெரிய எடத்துக் கல்யாணம்தான்" என்பார். பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில், அப்பா சாத்தான்குளத்திலிருந்து வந்து போட்ட சின்ன நகைக்கடையில் முப்பது வருஷமாகத் தராசோடு உட்கார்ந்திருப்பவர். எட்டு கிராம் ஒரு பவுன். அதைத் தவிர வேறு எந்த அளவும் அவர் மண்டையில் ஏறுவதில்லை. ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறி நின்றபோது நர்ஸ், "தொண்ணூத்திரண்டு கிலோ சார்" என்றார். இவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "பதினோராயிரத்து ஐநூறு" என்று முனகிக்கொண்டே இறங்கினார். நர்ஸ் பிரஷரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார்.

கடையில் ஒவ்வொரு நகைக்கும் நூலில் ஒரு குட்டி வெள்ளை டேக் தொங்கும். எடையை அதில் எறும்பு எழுத்தில் எழுதுவது அவர்தான். நகை வாங்கியவர், "பெட்டியெல்லாம் வேண்டாம், போட்டுக்கிட்டே போறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். பக்கத்திலேயே கத்தரிக்கோல் இருக்கும். அதை எடுக்கமாட்டார். குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்து, டேக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "அண்ணே, பாக்க நல்லாவா இருக்கு?" என்று கூட்டாளியான தம்பி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். பழக்கம் போகவில்லை.

வாரம் ஆறு நாளும் ஊராருக்குப் பவுன் சேர்த்துக் கொடுக்கிற இந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை தன் காரிலிருந்து பவுன் கழிப்பார்.

கார், 2003 மாடல் மாருதி ஜென். மனைவி வேம்பு வெள்ளிக்கிழமைகளில் மயிலாப்பூர்க் கோயிலுக்குப் போய்வர என்று வாங்கியது. மூன்று வருஷத்துக்கு முன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைபார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர், "சும்மா வந்து பாருங்க அண்ணாச்சி" என்று இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு அழைத்துப் போனார். அங்கே சில ஞாயிறுகளில் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டலாம். பரிசு கிடையாது, கோப்பை கிடையாது, ஒரு சுற்றை எத்தனை வினாடியில் முடித்தாய் என்று திரையில் ஒரு எண் வரும், அவ்வளவுதான். சும்மா பார்க்கப் போனவர் அடுத்த மாதம் ஹெல்மெட்டோடு போனார். முதல் நாள் வந்த எண், இரண்டு நிமிடம் முப்பத்தொன்று. அன்று ராத்திரி சாப்பிடும்போதும் இடது கை கியர் மாற்றிக்கொண்டே இருந்தது என்கிறார் வேம்பு.

மற்றவர்கள் எஞ்சினில் கைவைப்பார்கள். காற்று தாராளமாக உள்ளே போக ஒரு ஃபில்டர், புகை தாராளமாக வெளியே வர ஒரு சைலன்சர், சாலையைக் கவ்விப் பிடிக்கிற டயர். அதெல்லாம் இவரும் செய்தார். ஆனால் மனசு அதில் ஒட்டவில்லை. "எஞ்சின் வேலையெல்லாம் செய்கூலி. எடைதான் தங்கம்" என்பது அவர் கட்சி. எடை குறைந்தால் வேகம் கூடும். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

மந்தைவெளியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஆசிஃபைக் கூட வைத்துக்கொண்டு கழற்ற ஆரம்பித்தார். பின் சீட் போயிற்று. ஸ்டெப்னி போயிற்று. ஏ.சி. போயிற்று. கதவுகளின் உள் அட்டைகள் முந்நூறு பவுன். சத்தம் கேட்காமலிருக்கத் தரையில் ஒட்டியிருந்த தாரை மூன்று ஞாயிறு உளியால் சுரண்டியதில் நானூற்றைம்பது பவுன். கழற்றிய ஒவ்வொன்றையும் கடைக்கு எடுத்துப் போய்த் தராசில் வைத்து, நகைக்குக் கட்டுகிற அதே டேக்கைக் கட்டி, எடையை எழுதி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். தூக்கிப் போட மனசு வராது. எடை எழுதிய பொருளைக் குப்பையில் போடுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

கடைசியாகப் போனது முன்பக்கத்து இடது சீட். ஆயிரத்தெழுநூற்றைம்பது பவுன், நம் கணக்கில் பதினாலு கிலோ. வேம்பு உட்கார்ந்து வந்த சீட். ஹாலில் டிவிக்கு எதிரே அதைப் பலகை கொடுத்து நிறுத்திவைத்தார் சுயம்புலிங்கம். விருந்தாளிகளுக்குப் பின் சீட், வேம்புக்கு முன் சீட். அந்தம்மாவும் சளைத்தவர் இல்லை. "ஊர்ல எந்தப் பொம்பளையாவது ஆயிரத்தெழுநூறு பவுன்ல உக்காந்து டிவி பாத்திருக்காளா? நான் பாக்கேன்" என்று வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் ஆட்டோ.

இப்படிப் பதின்மூவாயிரம் பவுன் கழித்தும் ஒரு முட்டுக்கட்டை. இரண்டு நிமிடம் இருபதுக்குக் கீழே கார் இறங்க மறுத்தது. இருபது புள்ளி எட்டு. இருபது புள்ளி நாலு. ஒருமுறை இருபது புள்ளி ஒன்று. அன்று மதியம், இன்னும் கழற்ற என்ன மிச்சம் என்று காருக்கடியில் படுத்துத் தேடினார். டிராக் நண்பர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இருபதுக்குக் கீழே இறங்கியவர்கள் தனிச் சாதி. முக்கால்வாசிப் பேர் அவர் வயதில் பாதி. "அண்ணாச்சி, கார்ல இனிமே கழட்டுறதுக்கு நம்பர் பிளேட்டும் நீங்களுந்தான் கீது. நீங்க ஒரு பத்து கிலோ எறங்குனா போதும்" என்றார் ஆசிஃப். "அது கழட்ட வராத பார்ட்டுடே" என்றார் சுயம்புலிங்கம். டிராக்குக்குப் போகும் நாளில் மட்டும் காலை இட்லி சாப்பிடுவதில்லை. சாப்பிடாத இட்லிகளைத் தூக்குச்சட்டியில் எடுத்துப்போய் அங்கிருக்கும் எல்லாருக்கும் மிளகாய்ப்பொடியோடு பரிமாறிவிடுவார். போட்டிக்காரர்கள் கனக்கட்டுமே.

இந்த வருஷம் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்தது. கடையில் புதிதாக வந்திருந்த ஆரத்தை மனதில் வைத்துக்கொண்டு, "என்ன வேணும், சொல்லு" என்றார். வேம்பு அந்தப் பதினாலு கிலோ சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சொன்னார்:

"உங்க கடையில உள்ளது ஒண்ணும் வேண்டாம். மூணு வருசமா ஞாயித்துக்கெழமைன்னா ஓடுதியளே, அந்த ரோட்டுல என்னைய ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."

"அதுல உக்கார சீட் இல்லியே வேம்பு."

"இந்தா இருக்குல்லா. நான் உக்காந்துதான இருக்கேன்."

"அது பதினாலு கிலோ. அதுக்கு மேல..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். முடித்திருந்தால் வெள்ளிவிழா அன்றோடு முடிந்திருக்கும். வேம்பு கோபப்பட்டிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். சிரித்துக்கொண்டே கேட்டதுதான் உறுத்தியது. காரே அவளுக்கு வாங்கியது. அதில் அவளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டோமே என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

நல்ல வேளையாக அடுத்த டிராக் நாளில், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டாரை ஏற்றிக்கொண்டு மூன்று சுற்றுப் போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். அவர் திட்டம் தயார். காலை ஓட்டத்துக்கு வெறும் கார். மதியம் சீட்டை மாட்டி வேம்புக்கு மூன்று சுற்று. உடனே கழற்றிவிட்டு, சாயங்காலக் கடைசி ஓட்டத்தில் இருபதை உடைப்பது. "மதியம் எறங்குன ஒடனே கழட்டிறணும், மறந்துறாத" என்று ஆசிஃபிடம் நாலு தடவை சொல்லிவைத்தார். அதன்படி ஞாயிறு விடியற்காலை இவர் ஜென்னில் தனியாகப் போக, பின்னால் ஆசிஃபின் வேனில் ஸ்பேனர் பெட்டி, சீட், இட்லித் தூக்கு, பட்டுப்புடவையில் வேம்பு.

காலையில் மூன்று ஓட்டம். இருபது புள்ளி ஆறு, புள்ளி மூன்று, புள்ளி ஐந்து. அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வேம்பு அந்த நேரமெல்லாம் முதல் திருப்பத்துக்கு எதிரே வேலியோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கார் விடாமல் பார்த்தார். நேர்ச்சாலையின் முடிவில், திருப்பத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று இருநூறு, நூறு மீட்டர் எழுதிய பலகைகள் இருப்பதையும், ஒவ்வொரு காரின் பின்விளக்கும் எந்தப் பலகையில் சிவக்கிறது என்பதையும் பார்த்தார்.

மதியம் ஆசிஃப் நான்கு போல்ட்டையும் முறுக்கி சீட்டை மாட்டினார். அதன் பக்கவாட்டில் டேக் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வேம்பு புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி, இரவல் ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைத்து, பெல்ட்டை மாட்டினார். முதல் சுற்றைச் சுயம்புலிங்கம் கல்யாண ஊர்வலம்போல ஓட்டினார். "இதுக்கா இட்லி திங்காம வாறிய?" என்றார் வேம்பு. ரோஷம் வந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் மிதித்தார். நேர்ச்சாலை முடிகிறது, இருநூறு என்ற பலகை வருகிறது, வழக்கம்போல வலது கால் பிரேக்குக்குப் போகிறது.

"ஏன் இப்பமே மிதிக்கிய?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வேம்பு கத்தினார். "எல்லாவனும் நூறு தாண்டில்லா மிதிக்கான்! காலையிலேருந்து பாக்கேன், உங்களுக்கு மட்டும் முன்னாலயே லைட்டு எரியுது!"

"ஏ, வண்டி நிக்காது வேம்பு!"

"நிக்கும்! மத்தவன் வண்டி நிக்குல்லா!"

மூன்றாம் சுற்றில் இருநூறு வந்தது. கால் எழுந்தது. "இருங்க..." என்றார் வேம்பு. கால் அப்படியே நின்றது. "இருங்க, இருங்க... இப்ப மிதிங்க!" மிதித்தார். கார் மூக்கைத் தாழ்த்தித் திருப்பத்துக்குள் சமர்த்தாகப் போயிற்று. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதே "இருங்க", அதே "மிதிங்க". கடைசித் திருப்பம் தாண்டியபோது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அவர்கள் வந்து நின்றபோது ஆசிஃப் ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணாச்சி! பத்தொம்போது புள்ளி ஆறு! ஸ்கிரீன்ல வந்துக்கீது, போய்ப் பாருங்க!"

சுயம்புலிங்கம் நம்பவில்லை. தராசில் சந்தேகம் வந்த வியாபாரியாக, "மெசின சரிபாக்கச் சொல்லுடே" என்றார். "எம்பத்தஞ்சு கிலோ கூட ஏத்திக்கிட்டு எப்படிக் கொறையும்?"

வேம்பு ஹெல்மெட்டைக் கழற்றினார். "எம்பத்தஞ்சா? சீட் பதினாலு. அப்ப நான் எழுபத்தொண்ணா? எப்பம் நிறுத்தீய என்னைய?"

ஆசிஃப் வானத்தைப் பார்த்தார். அதற்குள் விஷயம் பரவி, இருபதுக்குக் கீழே இறங்கிய பையன்களெல்லாம் ஓடிவந்து அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்தார்கள். அண்ணாச்சியைவிட அக்காவுக்குத்தான் கைதட்டு அதிகம். ஐம்பத்திரண்டு வயசு மனிதர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பதின்மூவாயிரம் பவுனைச் சுரண்டி எடுத்தவருக்கு, கனம் பிரேக்கை மிதிக்கிற தன் வலது காலில்தான் இருந்தது என்று இப்போது தெரிந்ததில் ஒரே சந்தோஷம்.

கடைசி ஓட்டத்துக்கு மைக்கில் கூப்பிட்டார்கள். சொல்லிவைத்தபடி ஆசிஃப் ஸ்பேனரோடு இடது கதவைத் திறந்தார்.

"எறங்குக்கா, ரெண்டு நிமிசத்துல சீட்டைத் தூக்கிடறேன். அண்ணாச்சி, இப்ப வெறும் வண்டியில போனீங்கன்னா பதினெட்டே வந்துரும்!"

வேம்பு மறுபேச்சில்லாமல் பெல்ட்டை அவிழ்த்து ஒரு காலை வெளியே வைத்தார். "போய்ட்டு வாங்க, நான் வேலிகிட்ட நிக்கேன்" என்றார்.

சுயம்புலிங்கம் காரைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆசிஃபின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். வாங்கியதைத் தூக்கிப் போட்டுப் பிடிக்காமல் அப்படியே பெட்டிக்குள் வைத்தார். பிறகு அந்த இடது கதவருகே முட்டி போட்டுக் குனிந்து, சீட்டில் தொங்கிய டேக்கின் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, டேக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.