தங்க எலியின் பிள்ளைகள்

பக்கத்துப் போர்ஷனில் சமீபத்தில் ஒரு பிரசவம். தாயும் குட்டிகளும் நலம். கூண்டின் சொந்தக்காரருக்குத்தான் மனசு சரியில்லை.

அம்பத்தூரில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் தனசேகர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறார். சிகரெட், சீட்டாட்டம் எதுவும் கிடையாது. ஒரே பலவீனம் — எலி. கூண்டில் வைத்து, கேரட் நறுக்கிப் போட்டு வளர்ப்பார். ஏற்கெனவே ஒரு வெள்ளை ஆண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதற்கு ஜோடி பிடித்து வந்தார். நிஜமாகவே தங்க நிறம்!

"மெட்ராஸ்லயே இந்தக் கலரு இது ஒண்ணுதானாம் டீச்சர்!"

விற்றவன் சொன்னானாம். விற்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்?

நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிறவள். தனசேகருக்கு அது தெரியும். ஆனால் கேட்கவில்லை. வெள்ளையும் தங்கமும் சேர்ந்தால் சந்தன நிறத்தில் குட்டி வரும் என்று தானே முடிவு செய்து, தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார்.

குட்டிகள் பிறந்தன. முடி முளைத்தது. அத்தனையும் மண் நிறம்! அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடுமே... சாட்சாத் அந்த எலியின் நிறம்.

"எதோ ஊட்டு எலி உள்ள பூந்துட்சி டீச்சர். இவ ஒழுங்கில்ல" என்றார், தங்க எலியைக் காட்டி.

அவர் மனைவி கஸ்தூரி அப்போது குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

காரணம் இருக்கிறது. தனசேகரும் கஸ்தூரியும் நல்ல சிவப்பு. ஒரு வயது மகள் கறுப்பு — களையான கறுப்பு. தனசேகரின் அக்கா பட்டாபிராமில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்துவிடுவார். குழந்தையைத் தூக்கியதும் ஒரே கேள்விதான். "நீங்க ரெண்டு பேரும் செவப்பு. இது மட்டும் இன்னாடி இப்டி கீது? யார் ஜாடை?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அதுதான் கொடுமை. கோபமாகக் கேட்டால் பதில் சொல்லலாம். சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது? கஸ்தூரி எங்கள் சமையலறைக்கு வந்து அழுதுவிட்டுப் போவார். தனசேகர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அதே மனிதர் எலியின் ஒழுக்கத்தைச் சோதிக்கப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! பொடிக்கண் கம்பிவலை வாங்கி வந்து கூண்டைச் சுற்றி அடித்தார். இண்டு இடுக்கெல்லாம் அடைத்தார். கரப்பான்பூச்சிகூட உள்ளே போக முடியாது.

இரண்டாவது பிரசவம். மறுபடியும் மண் நிறம்.

அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். அன்று ஞாயிறு. அக்காவும் இருந்தார், மடியில் குழந்தையோடு.

"தப்பு எலி மேல இல்லை" என்றேன். "மண் நிறம் வர ரெண்டு சங்கதி வேணும். வெள்ளைகிட்ட ஒண்ணு இல்லை, தங்கத்துகிட்ட இன்னொண்ணு இல்லை. அப்பாகிட்ட இல்லாததை அம்மா குடுத்திருக்கு, அம்மாகிட்ட இல்லாததை அப்பா. குட்டிக்கு ரெண்டும் கிடைச்சிடுச்சு."

"அப்போ குட்டிதான் முழுசு. இதுங்க ரெண்டும்தான் கொறையா?" என்றார் தனசேகர்.

"ஆமாம்."

நாம் அபூர்வம் என்று கொண்டாடுவது பல சமயம் ஏதோ ஒன்று இல்லாமல் போனதைத்தான்... சந்தையில் அப்படிச் சொன்னால் வியாபாரம் நடக்குமா?

தனசேகருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "கேட்டியாக்கா? எலி மேல தப்பே இல்லியாம்! ரெண்டும் வெளுப்பா இருந்தாலும் கறுப்பா பொறக்குமாம். நான்தான் அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன்."

கஸ்தூரி உள்ளேயிருந்து வந்தார். அக்காவின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"எலிக்கு இவ்ளோ பரிஞ்சு பேசறியே. எனக்குன்னு ஒரு வார்த்தை பேசினியா நீ?"

கணவரை அவர் 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். கத்தவில்லை. அழவும் இல்லை.

அக்கா, "நான் இன்னா தப்பா கேட்டுட்டேன்? சும்மா தமாசுக்கு..." என்று இழுத்தார்.

மனிதத் தோலின் கணக்கு எலியைவிடச் சிக்கலானது, ஆனாலும் பெற்றோரிடம் இல்லாத நிறம் பிள்ளைக்கு வரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. தனசேகர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இனிமே அந்தப் பேச்சு வாணாம்க்கா."

மெல்லிய குரல்தான். அக்கா முகம் சுருங்கிப்போய், காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறே வந்தார். எங்களுடையது ஒற்றைச் செங்கல் சுவர். ஒட்டுக் கேட்க வேண்டியதில்லை, தானாகக் கேட்கும்.

நிறத்தைப் பற்றி மூச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது சரி... இந்த மூக்கு யாருதுடா?" என்றார்.

பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னுதுதான்க்கா. நல்லாப் பாரு."

விலங்கியல் படித்தவள் சொல்கிறேன், அது சுத்தப் பொய். திருத்துவதாக இல்லை!