வெள்ளக்கடைப் பக்கத்துக் குழாய்

மேகத்துள் மறைந்தும் மலையைக் காக்கும் வேலவன் திருவடி துணை.

அன்பர்களே, இன்று காலை எங்கள் கோயிலில் கிருத்திகைப் பூசை. ஒலிபெருக்கியில் ஓதுவாரான என் பதிகம் கேட்ட பிறகே கீழே பள்ளத்திலுள்ள வெள்ளக்கடை ஊர் மக்கள் மலையேறுவது வழக்கம். கேட்காவிட்டால், மழையால் பூசை நின்றதென்று எண்ணி எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு பதிகம் பாடியும், கோயில் முகப்பில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் சிறு ஒலியும் இல்லை.

"பனியில கொழாய் நனைஞ்சு போச்சுங்க. செத்த பொறுங்க," என்றார் மைக் செட் சின்னராசு.

"எப்படிப் பொறுப்பது? ஒருவரும் வரப்போவதில்லை. அண்டாப் பொங்கலையும் குரங்குகளுக்குத்தான் போடவேண்டும். உம்மைப் போன்ற சோம்பேறியை நம்பினேனே," என்று மைக்கின் முன் அமர்ந்தபடியே புலம்பினேன்.

சற்று நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து வெள்ளக்கடைப் பெண்கள் மூச்சிரைக்க வந்தார்கள்.

"ஏனுங்க ஐயா, பொங்கலைக் கொரங்குக்குப் போட்டுறாதீங்க. பாட்டுக் கேட்டுக் கெளம்பி மெதுவாத்தான் வந்தோமுங்க. நீங்க சொன்னதைக் கேட்டதும் ஓடியாந்துட்டோம்," என்றார் முன்னால் வந்தவர்.

பள்ளத்தை நோக்கிக் கட்டிய மற்றொரு குழாய் நன்றாகவே ஒலித்திருக்கிறது.

பூசை நிறைவாக நடந்தது. சின்னராசு மட்டும் என்னிடம் பேசவில்லை. வெள்ளக்கடைதான் அவருக்குப் பெண் கொடுத்த ஊர்.

சமாதானம் சொல்லும் வழி அறிந்தோர் தெரிவியுங்கள். உங்கள் இல்லங்களில் எல்லா நலமும் நிலைத்துத் தங்குக.