முதலை பார்க்கப் போன நாள்

எங்கள் குடும்பத்தில் காட்டு முதலையை நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று அத்தை. அன்றைக்கு அதே படகில் அப்பா, அம்மா, மாமா எல்லாரும்தான் இருந்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. மாமா இன்றைக்கும் அது ஆற்றில் ஒதுங்கிய மரக்கட்டை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்வதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அன்று நடந்த கூத்துக்கெல்லாம் சூத்திரதாரி அவர்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. கொச்சியில், மட்டாஞ்சேரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கார்ப்பரேஷன் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பாவுக்கும் கார்ப்பரேஷனில்தான் வேலை, கொசு மருந்து அடிப்பது. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். பஜார் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாள். என் தலையைப் பின்னிவிடுவது, பரீட்சைக்கு எழுப்பிவிடுவது, அப்பாவிடம் அடி விழாமல் குறுக்கே வந்து நிற்பது, இதெல்லாம் அவள் வேலை.

அத்தையைப் பெண் பார்க்க அதுவரை நாலைந்து கூட்டம் வந்து போயிருந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட்டால் பத்து வீட்டுக்கு மணக்கும். சாதாரண நாளில் பழம்பொரி என்றால் விருந்தாளி, அதுவும் அத்தை சேலை மாற்றியிருந்தால் மாப்பிள்ளை வீடு. எல்லாக் கதவும் திறக்கும். வந்தவர்கள் போன ஒரு வாரத்தில் என்ன ஆச்சு, ஒத்து வரலையா என்று கேட்பதற்காக அதே கதவுகள் மறுபடி திறக்கும். அத்தை கடைக்குப் போகும்போது குனிந்த தலை நிமிராமல் போவாள். கடைசியாக ஒரு கூட்டம் வந்து போனதும் அப்பா சொல்லிவிட்டார், இனி வீட்டில் வைத்துப் பெண் பார்க்கிற வேலையே வேண்டாம், வெளியில் எங்காவது தற்செயலாகக் கண்டதுபோல் காணட்டும், பிடித்தால் முறையாக வரட்டும், பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று.

எங்கள் ஆட்கள் இந்தக் காரியத்தைக் கோயிலில் வைத்துச் செய்வார்கள். ஆனால் நாங்கள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பிரகாரத்தில் எதிரே வருவது பக்கத்து வீட்டுக்காரியாகத்தான் இருக்கும். அப்போதுதான் அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு யோசனை சொன்னார். மாமா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். ஆலுவாவைத் தாண்டிப் பெரியாற்றில் மேலே, பூதத்தான்கெட்டு அணைப்பக்கம் படகு ஓடுகிறது, அரை நாள் சுற்றிக் காட்டுவார்கள், காட்டோரமாகப் போனால் முதலைகூடக் காணலாம், பாலக்காட்டில் தான் பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளை வீட்டாரும் முதலை பார்க்க வந்ததுபோல் வரட்டும் என்றார். அடேயப்பா, எல்லாரும் மாமாவின் மூளையை மெச்சினார்கள். கோயிலில் பிடிக்கவில்லையென்றால் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு வாசல் வழியே போய்விடலாம். நடு ஆற்றில் எந்த வாசல் வழியே போவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் நான் வளர்ந்தபின் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். முதலை பார்க்கப் போகிறோம்.

கிறிஸ்துமஸ் லீவு. விடியும் முன்பே மாமாவின் வேனில் ஏறினோம். ஆலுவாவில் நிறுத்திச் சாயா குடித்தபோது அத்தைக்கு மட்டும் அம்மா வாங்கித் தரவில்லை, சேலையில் சிந்திவிடுமாம். கிளிப்பச்சைச் சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. இத்தனை பளபளப்பைக் கண்டால் முதலை ஓடிவிடும் என்று நான் ஒரே அழுகை. அத்தை என் காதைப் பிடித்துத் திருகி, ஓடினால் நாம் துரத்திப் பிடிப்போம் என்றாள். 

படகுத்துறையில் வேறொரு குடும்பம் நின்றிருந்தது. மாமா அவர்களைக் கண்டதும் அப்படியே திகைத்து நின்றார், பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். நீங்களும் இங்கேயா, என்ன ஒரு அதிசயம் என்றார். நான் அதை முழுசாக நம்பினேன். ஓர் அம்மாள், அவருடைய மகன், கூட வேட்டி கட்டிய ஒரு பெரியவர். மகன் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஏதோ கம்பெனியில் வேலை பார்ப்பவர். நல்ல உயரம். படகின் கூரை இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்தபடியே உள்ளே வந்து தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்ப்பலகையில் அத்தையை நடுவில் வைத்து நாங்கள் உட்கார்ந்தோம். பெரியவர் படகு கிளம்பியதும் தூங்கிப்போனார்.

முதலில் எல்லாம் இனிப்பாகத்தான் போனது. அந்த அம்மாள் அத்தையின் சமையலைக் கேட்டார், கடை வேலையைக் கேட்டார், அத்தை அடக்கமாகப் பதில் சொன்னாள். நான் படகின் முன்முனைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அம்மாள் வயதைக் கேட்டார். சும்மா, பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார்.

"வர்ற மேட மாசத்துல முப்பத்திரண்டு" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். இருபத்தேழு என்று மாமா சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு முப்பது. வயதைக் குறைத்த விஷயம் அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அத்தைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருப்பாள் என்று அப்பா நினைத்தார், மாமா சொல்லியிருப்பார் என்று அம்மா நினைத்தாள், இதைப்போய் ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று மாமா இருந்துவிட்டார்.  அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். அப்பாவின் முகம் கறுத்துப்போனது.

படகு கிளம்பி அரை மணிகூட ஆகியிருக்காது. மாமா எழுந்து படகுக்காரச் சேட்டனிடம் போய், பெரியவருக்கு உடம்புக்குச் சரியில்லை, திருப்பிவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். சேட்டன் குறட்டை விடுகிற பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு மேலேதான் முதலை கிடக்கும், அதைக் காட்டாமல் திரும்பினால் தன் பேர் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார். எனக்கு அந்தச் சேட்டன்மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

பெரியவர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்க, அத்தை எழுந்து முன்முனையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள், இனி எப்படி உட்கார்ந்தால் என்ன என்று இருந்திருக்கும். வீட்டில் இருக்கிற அத்தையாகிவிட்டாள். எனக்குச் சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையும் வந்தார். அங்கே தன் அம்மாவின் பக்கத்தில் இருக்க முடியாமல் வந்திருப்பார் போலிருக்கிறது. பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து என்னிடம் தந்தார். பாதியை அத்தைக்குக் கொடு என்று கண்ணால் காட்டினார். நான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுளை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, உண்மையான வயதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றார். குறை சொல்வதுபோல் இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றாள் அத்தை. "மருந்துக்கடையில நிக்கிறவளாக்கும் நான். எக்ஸ்பயரி டேட்ட மறைச்சு விக்கப் படாது."

அவர் சிரித்தார் பாருங்கள், படகே திரும்பிப் பார்த்தது. அத்தையும் சிரித்தாள். வீட்டில் நாலைந்து தடவை அலங்காரம் செய்து உட்காரவைத்தபோதெல்லாம் அவள் பல் தெரியச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். அவருக்கு ராத்திரி ஷிப்ட் ஒத்துக்கொள்வதில்லையாம். அத்தைக்கு நீந்தத் தெரியாதாம், இத்தனை தண்ணீருக்கு நடுவில் பிறந்தும் கற்றுக்கொள்ள யாரும் விடவில்லையாம். எனக்குக் கொட்டாவி வந்தது. முதலை பார்க்க வந்த இடத்தில் இப்படியா பேசுவார்கள்?

ஆற்றின் ஒரு திருப்பத்தில் சேட்டன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் படகு தள்ளுகிற கோலை எடுக்கப் போனார். படகு தானாக மிதந்தது. அப்போது மாப்பிள்ளை என் தாடையில் ஒரு விரலை வைத்து முகத்தை மெல்லத் திருப்பினார். கரையோரப் பாறைக்குக் கீழே, சேற்று நிறத்தில், வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தபடி கிடந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. ஆனால் முதலை, சந்தேகமே இல்லை. நான் கத்த வாயெடுத்தேன், அவர் உதட்டில் விரலை வைத்தார். அத்தை மூச்சு விடாமல் பார்த்தாள். அப்புறம் பின்னால் இருந்தவர்களைக் காட்டி, அவர்களைக் கூப்பிட வேண்டாமா என்று கிசுகிசுத்தாள்.

"வேண்டாம். கொஞ்ச நேரம் நமக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார் அவர்.

மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். முதலை என்ன நினைத்ததோ, வாயை மூடியது, ஒரு சத்தமும் இல்லாமல் சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. அதன் பிறகுதான் நான் முதலை, முதலை என்று கூப்பாடு போட்டேன். எல்லாரும் ஓடிவந்து வெறும் பாறையைப் பார்த்தார்கள். மாமா மரக்கட்டை என்றார். அத்தை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

துறையில் இறங்கியதும் அந்த அம்மாள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அந்தச் சிரமம் வேண்டாம் என்று அப்பா வெடுக்கென்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார். மாப்பிள்ளை மட்டும் மிச்சமிருந்த ஆரஞ்சுப் பழங்களை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து அவர் மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார். வயதெல்லாம் தனக்கு ஒன்றுமில்லை, அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன், பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்று. மாமா அதை அப்பாவிடம் கொண்டு வந்தார். அப்பாவுக்கு ஆற்றில் பட்ட அவமானம் ஆறவில்லை. பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீட்டில் தன் தங்கை போய் வாழ வேண்டாம் என்று முடித்துவிட்டார். பெண்ணுக்குத் தெரிந்தால் மனசு அலையும் என்று அந்தப் போன் வந்ததையே அத்தையிடம் சொல்லவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டது அவர், கேட்கச் சொன்னது அவளிடம், பதில் சொன்னது அப்பா. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதற்குப் பின் அத்தை யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஆனால் அந்த வாரங்களில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தைக்கு முதலைக் கதை ரொம்பப் பிடித்துப்போனது என்பதுதான். என் தலையைப் பின்னும்போதெல்லாம், அன்றைக்கு முதலை பார்த்தோமே, அதைச் சொல்லு என்பாள். கூடவே இருந்தவள் எதற்குக் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தேன். அதில் அவர் வந்தால் என் பெருமை குறைந்துபோகும். அதனால் அவளிடமும் அப்படியே சொன்னேன். நான் திரும்பிப் பார்த்தேன், பாறைக்குக் கீழே கிடந்தது, வாயைத் திறந்தது, தண்ணீருக்குள் போய்விட்டது.

"அதுக்கு முன்ன?" என்பாள் அத்தை.

"முன்ன ஒண்ணுமில்ல. சும்மா கிடந்துச்சு."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

இல்லை என்பேன். அவள் பின்னுவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். கதை போதவில்லை போலும் என்று நான் இரண்டு கையையும் விரித்து, அதன் பல் இத்தனை பெரிசு என்று காட்டுவேன்.