அவளை நான் உட்கார வைத்த கேன்

போன வருடம் பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். திருநெல்வேலியிலிருந்து எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு வரும் மத்தியான பஸ்ஸில் நடந்தது இது. எழுதிவிட்டாலாவது பாரம் கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, ஃபைபர் மோல்டுகளில் சிமெண்டுப் பூந்தொட்டி வார்த்து விற்கிறேன். சிமெண்டு இறுகிய பிறகு தொட்டி மோல்டை விட்டு உடையாமல் கழன்று வர வேண்டும். அதற்காக மோல்டின் உள்பக்கம் சிலிக்கான் ஆயில் பூசுவோம். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற கதைதான். பல வருடமாகப் புழங்குகிற ஆயில், பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஒரு வம்புக்கும் போகாது.

அந்தத் தடவை நான் வாங்கப் போனது வேறு ஆயில். மழையில் நனைந்து தொட்டியெல்லாம் பாசி பிடிக்கிறது என்று வாங்கினவர்கள் குறை சொன்னார்கள். திருநெல்வேலியில் நான் ஆயில் வாங்குகிற கடைக்காரரிடம் கேட்டேன். அதற்கென்றே இன்னொரு சிலிக்கான் ஆயில் இருக்கிறது, தொட்டி மேல் பூசினால் சேம்பிலையில் ஓடுகிற மாதிரி தண்ணீர் உருண்டு ஓடிவிடும் என்றார். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று காலையிலேயே கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இந்தக் கேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கேனைத் தூர எறிய மாட்டோம். எண்ணெய் வந்த கேனில் தண்ணீர் பிடிப்போம், பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலைக் கன்று வைப்போம். என்னுடைய பெரிய பிளாஸ்டிக் கேனில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தேன். கழுவத்தான் செய்தேன். அடிமூலையில் மட்டும் வெள்ளையாகக் கட்டிபிடித்து ஒட்டியிருந்தது. குச்சியை விட்டுக் குடைந்து பார்த்தேன், வரவில்லை. கிடக்கட்டும், சுண்ணாம்புதானே என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரர் பெரிய டிரம்மிலிருந்து ஊற்றித் தரும்போதே சொன்னார். "யக்கா, இது நீங்க வழக்கமா வாங்குத ஆயில் இல்ல. மூடிய இறுக்கிராதீய, கொஞ்சம் மூச்சு விடணும். கேனு சுத்தமா இருக்குல்லா? வேணும்னா நம்ம கேன்லயே தாரேன்."

"கழுவாமலா கொண்டாருவேன்?" என்றேன் வெடுக்கென்று. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அதுவும் யாராவது என் சுத்தத்தைக் குறை சொன்னால் பொத்துக்கொண்டு வரும்.

மூடியை லூசாக விட்டால் பஸ்ஸில் சிந்தும், கண்டக்டர் ஏற்ற மாட்டார். அதனால் தெருமுனையைத் தாண்டியதும் நின்று, மூடிக்கு உள்ளே பாலித்தீன் பையை மடித்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு வந்தேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு ஓரத்து சீட் கிடைத்தது. கேனை நடைபாதையில் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மானூரில் ஒரு சின்னப் பெண் ஏறினாள். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பை. மேலநீலிதநல்லூரில் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். நிற்க முடியாமல் தள்ளாடினாள். எழுந்து இடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, காலையிலிருந்து வெயிலில் அலைந்திருந்தேன். "இந்தாம்மா, இந்தக் கேன் மேல உக்காரு" என்றேன். ஆள் உட்கார்ந்தால் கேனும் சாயாமல் இருக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

"நசுங்கிராதாக்கா?"

"யானையே உக்காந்தாலும் ஒண்ணும் ஆவாது. சும்மா உக்காரு."

அவள் சிரித்தபடி துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். பையிலிருந்து அவித்த கடலையை எடுத்து எனக்கும் ஒரு கை கொடுத்தாள். தங்கமான பெண். நாங்கள் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தோம்.

தேவர்குளம் தாண்டியிருக்கும். "யக்கா, கேனு ஒரு மாதிரி ஆடுது" என்றாள்.

"ரோடு அப்படி."

கொஞ்ச நேரம் போனது. "இல்லக்கா, உருளுது. உக்கார முடியல."

"ஒரு இடத்துல அடங்கி உக்காரு தாயி. நீ ஆடுனா அதுவும் ஆடத்தான் செய்யும்" என்று அதட்டினேன். பாவம், அவள் காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் கேன் சாய்ந்தது. அவள் பதறி எழுந்துவிட்டாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

தட்டையாக இருந்த கேனின் அடிப்பாகம் பானை மாதிரி உருண்டிருந்தது. நாலு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது. கையை வைத்தால் கதகதவென்று, காற்றடித்த பந்து போல விண்ணென்று இருந்தது. உள்ளே புஸ்ஸென்று ஏதோ நுரைக்கிற சத்தம். மூடியில் கை வைத்தேன், அசையவில்லை. 'மூச்சு விடணும்' என்று கடைக்காரர் சொன்னது அந்த நொடிதான் மண்டையில் உறைத்தது.

"நிப்பாட்டுங்க! பஸ்ஸ நிப்பாட்டுங்க!"

"ஏ யம்மா, இங்கன ஸ்டாப் கெடையாது" என்றார் கண்டக்டர்.

நான் போட்ட கூச்சலில் டிரைவரே மிரண்டு பிரேக் போட்டுவிட்டார். கண்டக்டர் கேனைத் தூக்க வந்தார். "தொடாதீய!" என்று கத்திவிட்டு நானே தூக்கினேன். தைரியம் எல்லாம் ஒன்றும் இல்லை. என் கேன், வேறு யார் தூக்குவார்கள்? கருவேல மரம் அடர்ந்த தரிசில் ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன்.

பஸ்ஸிலிருந்து பாதிப் பேர் வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டார்கள். "எண்ணெ கேனுக்கா இம்புட்டு கூத்து?" என்று ஒரு பெரியவர் பீடியை வாயில் வைத்து, தீப்பெட்டியைத் தேடினார். அவர் குச்சியைக் கிழிக்கவில்லை. அதற்குள் டமார் என்று ஒரு சத்தம். மரத்திலிருந்த காக்கா கொக்கு எல்லாம் பறந்தது. வெள்ளை நுரை கருவேல மர உயரத்துக்கு எழும்பிச் சிதறியது. மூடி எங்கே போனது என்றே தெரியவில்லை. கேன் வாய் முதல் அடி வரை பிளந்து கிடந்தது. பெரியவர் வாயிலிருந்த பீடி தானாக விழுந்தது.

நான் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்தான் ஓடி வந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, "விடுங்கக்கா. உங்க எண்ணெ பூராவும் போச்சே. எம்புட்டு சிரமப்பட்டுத் தூக்கிட்டு வந்தீய!" என்றாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு நிற்கிறாள்!

கடைக்காரருக்கு போன் போட்டேன். காது கேட்காத மாதிரி அடைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். சுண்ணாம்பு என்ற வார்த்தையைச் சொன்னதுமே மனுஷர் அலறினார். "சுண்ணாம்பா? யக்கா, அந்த ஆயில்ல சுண்ணாம்பு பட்டா ஹைட்ரஜன் கேஸ் கெளம்பும். அதுலயும் மூடிய வேற இறுக்கியிருக்கீய! பஸ்ஸுக்குள்ள வெடிச்சு, ஒரு தீப்பொறி பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? ஆளு யாரும் பக்கத்துல இல்லியே?"

டிரைவருக்கு முன்னால் சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுவத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் வரப்புக்கு அந்தப் பக்கம் பிளந்து கிடந்த கேனைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையை என் பக்கத்து இடுப்பிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் கிளம்பியதும் கண்டக்டர் தொடங்கி ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். எழுந்து நின்று, "என் சீட்டுல உக்காரும்மா" என்று அவளைக் கூப்பிட்டேன்.

"இருக்கட்டும்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. இறங்குகிற வரைக்கும் முன்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள்.

மேலநீலிதநல்லூரில் இறங்க என்னைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. விவரம் தெரியாத குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது. நானும் என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். அவள் அந்தப் பிஞ்சுக் கையை மெதுவாக மடக்கி, முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பஸ்ஸில் அத்தனை பேர் ஏசியது எனக்கு அன்றைக்கே மறந்துபோனது. ஆனால் பெற்றவள் ஒருத்தி தன் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் ஒருநாள் நான் நின்றேன் என்பதும், அவள் செய்ததே சரி என்பதும் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன.