கடைசி அணிக்கு முதல் ஆள்

ஹாக்கி அணிக்கு இளம் ஆட்டக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பது கல்யாணத் தரகு மாதிரி. சேர்ந்து வாழ்ந்தால் குடும்பத்துக்குப் பெருமை, பிரிந்தால் தரகனுக்குத் திட்டு. சேலத்தில் உள்ள ஒரு தனியார் அணிக்கு நான்தான் அந்தத் தரகன். இளசுகளாகப் பார்த்து எடுத்தால் கோப்பை தானாக வந்து சேரும் என்பது எங்கள் முதலாளியின் நம்பிக்கை. மேலே இருப்பவர்களின் நம்பிக்கைக்காகக் கீழே கிடந்து தேய்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்ததாகவே இருக்கும். உங்கள் ஆபீஸில் மட்டையும் பந்தும் இருக்காது, அவ்வளவுதான்.

சரிவில் ஒரு கோல்

கொல்லிமலையில் ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர், "ஒருக்கா வந்து பாருங்க" என்று விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடிய ஆட்டத்தில் தள்ளாடித்தான் இறங்கினேன். மைதானத்தைப் பார்த்ததும் அதே பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று இருந்தது. ஒரு கோல் மேட்டில், இன்னொரு கோல் பள்ளத்தில். பள்ளத்துக்கு அப்பால் மரவள்ளிக் காடு. பந்து அதற்குள் போனால் போனதுதான். அதனாலேயே அங்கே யாரும் பந்தைத் தவற விடுவதில்லை.

அன்றைக்குப் பள்ளத்துப் பக்கம் ஆடியவன் தினேஷ். பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜில் சேரக் காத்திருந்தவன். மட்டையோடு பந்தை ஒட்டவைத்தது போல மேட்டில் ஏற்றிக்கொண்டு போனான். எதிரே வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு பக்கம் விழுந்தார்கள். கையோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா, பெயர் அறப்பளி, ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஹாஸ்டல், சாப்பாடு, பயிற்சி, டிவியில் வரும் மேட்ச் என்று நான் கீழே நின்று அடுக்க அடுக்க, அவர் பறிப்பதை நிறுத்தவே இல்லை. கடைசியில் இறங்கி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலேஜை உட்டுப்போட்டு வரச் சொல்றீங்க, சரிங்க. அங்க சரிப்படலீன்னா பையனை நீங்களே கொண்டாந்து உடுவீங்களா, நாங்க வந்து கூட்டிக்கோணுங்களா?"

கடைசியாக வருவதன் லாபம்

எங்கள் லீகில் ஒரு விதி உண்டு. போன சீசனில் கடைசியாக வந்த அணி, புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுத்துக்கொள்ளலாம். நொந்தவனுக்கு ஒரு கைதூக்கல். எங்களுக்கு அந்தக் கைதூக்கல் தவறாமல் கிடைத்துவிடும்.

ஆள் எடுக்கும் நாளன்று, தினேஷை எடுங்கள், கூடவே நடுவில் நின்று ஆட்டத்தை நடத்த விவரமான பழைய ஆள் ஒருவரையும் எடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். மேனேஜர் முதலாளியின் மருமகன். தினேஷை எடுத்தார். பிறகு வரிசையாக மீசை அரும்பாத பிள்ளைகளாகவே எடுத்தார். இவ்வளவு பேரும் ஆளாகும் வரைக்கும் மேட்சை யார் ஜெயிப்பது என்று கேட்டேன். என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"ஏன் சார் பயப்படறீங்க? இந்த வருசமும் கடைசியா வந்தா, அடுத்த வருசமும் முதல் ஆளு நமக்குத்தானே!"

நேராக வரும் பந்து

முதல் மேட்சில் தினேஷ் மரம் மாதிரி நின்றான். நீல நிற டர்ஃப், செயற்கைப் புல். பட்டுத்துணி விரித்தது போல ஒரு தரை. பந்து விர்ரென்று வந்து அவன் மட்டைக்குக் கீழே புகுந்து போய்க்கொண்டே இருந்தது. கோச் வெளியிலிருந்து தலையில் அடித்துக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். பாதி ஆட்டத்தில் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று தோளின் குலுக்கலில் தெரிந்தது. என்ன கண்ணு ஆச்சு, கால் வலிக்கிறதா என்று கேட்டேன். துண்டுக்குள்ளிருந்தே பதில் வந்தது.

"அங்க கல்லுல பட்டுத் துள்ளித் துள்ளி வருங்க சார். இது நேரா வருது. நேரா வந்தா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க."

கத்துகிறவர்

எங்கள் அணியில் தப்பித்தவறி மிச்சமிருந்த ஒரே மூத்த ஆட்டக்காரர் தங்கராஜ். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு பின்னால் நிற்பார். அதிகம் ஓடமாட்டார். ஆனால் ஆட்டம் முழுக்க வாய் ஓயாது. "தினேஷு, வலது பக்கம் போ கண்ணு... இப்ப குடுக்காதே, பொறு... இப்ப குடு!" அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் ஆடப் பழகினார்கள். ஒருநாள் அவர் கத்திச் சொன்னபடியே தினேஷ் புகுந்து போய், கோல்கீப்பரைத் தரையில் உட்காரவைத்து, கோல் போட்டான். ஜெயித்தோம்! நானும் அணி பஸ் டிரைவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அந்த சீசன் முடிந்ததும் தங்கராஜை அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இளசுக்கு இடம் வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் பையை நான்தான் தூக்கிப் போனேன். அவர் தனக்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

"நான் எங்கீங்க ஆடுனேன், கத்திக்கிட்டுத்தானே நின்னேன். இனி அந்தப் பசங்களுக்கு யாருங்க கத்துவா?"

பேளுக்குறிச்சிச் சந்தையில்

யாரும் கத்தவில்லை. மறுபடி வரிசையாகத் தோற்றோம். அந்தச் சமயம் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மசாலாச் சாமான் வாங்கப் போனேன். அங்கே மிளகு வியாபாரம் பண்ணும் காதர் பாய், தினேஷ் வீட்டு மிளகை வருசாவருசம் எடுப்பவர். மலைப்பையன் ஆடுகிறான் என்பதற்காகக் கடை டிவியில் எங்கள் மேட்சைத் தவறாமல் போட்டுவிடுவாராம். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி, துக்க வீட்டில் விசாரிப்பது போல விசாரித்தார்.

"பசங்க நல்லாத்தான் ஓடறாங்க சார், குத்தமே சொல்ல முடியாது. பந்துதான் அவங்க கூட ஓட மாட்டேங்குது."

முத்தல்

தினேஷ் ஒருவழியாக டர்ஃபைப் பிடித்துக்கொண்டான். யாரும் கத்தாமலே எப்போது கொடுப்பது, எப்போது பொறுப்பது என்று அவனுக்கே தெரிய ஆரம்பித்தது. இனி நமக்கு நல்ல காலம் என்று நான் நினைத்த சீசனில்தான் அவனையும் அனுப்பிவிட்டார்கள். இருபத்தொன்று முடிந்துவிட்டதாம். கத்திரிக்காய் பொறுக்குவது போல, 'இவன் முத்திட்டான் சார்' என்றார் மேனேஜர். நான் சண்டை போட்டேன். உங்கள் வேலை ஆளைக் கொண்டுவருவது, வைத்துக்கொள்வது அல்ல என்று பதில் வந்தது.

நானே அவனை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பியவன் திரும்பியவன்தான். அவனோடு படித்தவர்கள் காலேஜ் முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அறப்பளி மகனிடமிருந்து பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. நான் கிளம்ப எழுந்தபோது தினேஷின் அம்மா தட்டோடு வந்து வாசலை மறித்துக்கொண்டார்.

"உக்காருங்க சாமி. தோத்துப்போட்டு வந்தா பசிக்காதுங்களா?"

யார் அந்தப் பையன்?

ஊருக்குப் போன தங்கராஜை வடக்கே ஒரு அணி உதவி கோச்சாக எடுத்திருந்தது. தினேஷ் சும்மா இருக்கிறான் என்று அவருக்குப் போன் பண்ணினேன். இந்த மூன்று வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். அவனை அங்கே வரவழைத்துக்கொண்டார். அடுத்த சீசனில் அந்த அணி எங்களோடு மோத சேலத்துக்கே வந்தது. நானும் மேனேஜரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

எங்கள் புது இளசுகள் திசை தெரியாமல் ஓடிக்கொண்டிருக்க, தினேஷ் அவசரமே இல்லாமல் கோல் மேல் கோலாகப் போட்டான். கை தட்டவும் முடியாமல், தட்டாமல் இருக்கவும் முடியாமல், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, குறைபட்டுக்கொண்டார்.

"யாரு சார் அந்தப் பையன்? இப்படி ஆளை எல்லாம் நீங்க ஏன் நம்ம டீமுக்குக் கொண்டாரதில்லை?"

இளசுகளை எடுத்து வளர்த்தால் ஜெயிக்கிற அணி உருவாகுமா என்று கேட்டால், நிச்சயம் உருவாகும் என்றுதான் சொல்வேன். எடுப்பவர் ஒருவர், ஜெயிப்பவர் வேறொருவர் என்பதைப் பெரிதுபடுத்தாமல் இருந்தால்.