இறங்காத பதினொரு ஞாயிறுகள்

சேவியர் உஸ்தாத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவன் பூனாவில் இல்லை. இருந்தாலும் நான்தான் எழுதியாக வேண்டும். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் கட்டிவிட்ட பொய்.

பாளையங்கோட்டைக்காரர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் ஜவான்களுக்கு உடற்பயிற்சி கொடுத்தவர். அங்கே பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்பார்கள். ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. பனிமலையில் விழுந்து இடது முழங்கால் கெட்டுப்போனதால் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். பூனா கோர்படியில் ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை எடுத்து, இமயமலை ஏறப் போகிறவர்களுக்கு உடம்பைத் தயார் செய்து கொடுத்தார். கண்ணாடியும் பாட்டும் போட்ட ஜிம் என்று நினைத்துவிடாதீர்கள். மணல் மூட்டைகள், ஒன்றரை அடி உயர மரப்பெட்டி ஒன்று, தொங்க ஒரு இரும்புக் கம்பி, சுவரில் ஒரு மாதா படம். அவ்வளவுதான் சாமான்.

தொண்ணூற்றாறில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். எனக்கு இருபத்தெட்டு வயது, ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க், நீண்ட தூர ஓட்டத்தில் நாலைந்து கோப்பைகள், அதற்கேற்ற திமிர். இமயமலையில் கட்வால் பகுதியில் ஆறாயிரத்துச் சொச்சம் மீட்டர் சிகரம் ஒன்றுக்கு எங்கள் மலையேற்றக் குழு ஜூனில் போவதாக இருந்தது. ஓடுகிறவனுக்கு எதற்கு மூட்டை தூக்கும் வேலை என்று முதல் நாளே அவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஏறுவதற்கு மூச்சு போதும், அது உன்னிடம் இருக்கிறது. இறங்கும்போது மூச்சு உதவாது, ஒவ்வொரு அடிக்கும் தொடைதான் பிரேக் பிடிக்க வேண்டும், ஓடி ஓடி உன் தொடை குச்சியாகிவிட்டது என்றார்.

"உச்சி பாதி தூரம்தாம்லே. மிச்சப் பாதியிலதான் ஆளு விழுவான்" என்றார்.

திங்கள், புதன், வெள்ளி கொட்டகையில் பயிற்சி. மூட்டையைத் தோளில் வைத்து பைட்டக், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, எடுக்க வேண்டும். பெட்டி மேல் ஏறி, நாலு எண்ணி முடியும்வரை கால் தரையில் படாமல் மெதுவாக இறங்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியின் உயரம் போதாது என்று அவரே சொல்வார். அதனால் வாரம் ஒரு நாள், ஊருக்கு வெளியே மலை மேல் இருக்கும் சிங்ககட் கோட்டை. இருபது லிட்டர் தண்ணீர் கேனை முதுகுப்பையில் வைத்து, அத்கர்வாடி கிராமத்துப் பக்கமாக ஏறி, அதே கேனோடு அதே வழியில் இறங்க வேண்டும். அவர் முழங்காலை வைத்துக்கொண்டு கூட வர முடியாது. தவிர, ஞாயிறு என்றால் அவருக்குச் சர்ச்சில் பூசை. நாங்கள் மலைக்குப் போய்விட்டு வந்து சொல்வதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார். சாட்சி கேட்டதில்லை. எங்களைச் சந்தேகப்பட வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் குழுவிலிருந்து என்னோடு பயிற்சி எடுத்தவன் ரவிசந்திரன். தாபோடியில் வீடு, போசரியில் ஒரு தொழிற்சாலையில் டர்னர். அவனுக்கு வார விடுமுறை வியாழன் என்பதால் அவன் வியாழனில் ஏறுவான், நான் ஞாயிற்றில். ஆக, நான் மலையில் என்ன செய்கிறேன் என்று பார்க்க ஒருவரும் இல்லை.

முதல் மூன்று ஞாயிறும் ஒழுங்காகத்தான் இறங்கினேன். மூன்றாம் ஞாயிறு முடிந்து நாலு நாளைக்குக் கக்கூஸில் உட்கார்ந்து எழ முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினேன். அடுத்த வாரம் உச்சியில் போய் நின்றபோது, அந்தப் பக்கம் சாலையில் ஒரு ஷேர் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. முன் ஸீட் காலி. இறங்குவதெல்லாம் ஒரு பயிற்சியா, ஆடுகூட இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேனில் இருந்த தண்ணீரை அங்கே மண்சட்டியில் தயிர் விற்கும் பெண்களின் டிரம்மில் ஊற்றினேன். மலை மேல் தண்ணீருக்குப் பஞ்சம். அவர்கள் என்னை வாயார வாழ்த்தினார்கள். பாருங்கள், ஏமாற்று வேலையிலும் எனக்குப் புண்ணியம் வேண்டியிருந்தது.

மாலையில் கொட்டகைக்குப் போய், ஏறியது எழுபத்தெட்டு நிமிஷம், இறங்கியது ஐம்பத்தைந்து என்றேன். உஸ்தாத் எழுதிக்கொண்டு என் முதுகில் தட்டினார். அதற்குப் பிறகு வந்த பத்து ஞாயிறும் அதே ஜீப், அதே பொய். நிமிஷத்தை மட்டும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ குறைத்துச் சொல்வேன், முன்னேற்றம் தெரிய வேண்டுமே என்று.

ஜூனில் கட்வால் போனோம், சிகரத்தில் நான்தான் முதலில் கால் வைத்தேன். இறங்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் தொடை இரண்டும் நடுங்கின. அப்புறம் முழங்கால் தானாக மடிந்தது. மூச்சு நன்றாக இருக்கிறது, தலை தெளிவாக இருக்கிறது, கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. பத்தடிக்கு ஒரு முறை உட்கார்ந்தேன். விழுந்த ஒரு தடவையில் வலது கையுறை கழன்று பள்ளத்தில் போய்விட்டது. ரவிசந்திரன் என் பையையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். தன் வலது கையுறையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். கயிற்றில் என்னைக் கட்டி ஒவ்வொரு அடியாக இறக்கினான். மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய இறக்கம் ஒன்பது மணி நேரம் ஆயிற்று. முகாமுக்கு வந்தபோது அவன் வலது கையில் விரல்கள் பனியில் விறைத்து வெளுத்திருந்தன. பூனா ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். லேத் மிஷினில் வேலை செய்கிறவனுக்கு வலது கையில் மிச்சம் கட்டை விரலும் சுட்டு விரலும்.

குழு கூட்டம் போட்டு என்ன நடந்தது என்று கேட்டது. ரவிசந்திரன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். உஸ்தாத் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன் என்று பெருமையாக எழுத ஆசைதான். இல்லை. ஏறுவதற்கான பயிற்சி பிரமாதம், இறங்குவதற்கு அது போதவில்லை என்றேன். ரவிசந்திரன் மட்டும் எப்படி இறங்கினான் என்று ஒருவர் கேட்டார். தொழிற்சாலையில் உழைக்கிற உடம்பு என்று இன்னொருவர் எனக்காகப் பதில் சொல்லிவிட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

வெளியே வந்ததும் உஸ்தாத் என் தோளைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மன்னிச்சுக்கோலே விச்சு. நான் எங்க தப்பு பண்ணேன்னு பாக்கேன்."

தலையை மட்டும் ஆட்டினேன். எப்பேர்ப்பட்ட பாவி நான்.

அதன் பிறகு யாரும் அவரிடம் ஆள் அனுப்பவில்லை. அவரும் யாரையும் சேர்க்கவில்லை. கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் கேட் செக்யூரிட்டி சூப்பர்வைசராகப் போனார். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தால் நான் அடுத்த சந்தில் நுழைந்துவிடுவேன். ரவிசந்திரனைத் தொழிற்சாலை ஸ்டோருக்கு மாற்றியது. அவன் வருஷா வருஷம் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருவான். அந்த ஒரு நாள் எனக்குச் சோறு இறங்காது.

ஏழு வருஷம் இப்படியே ஓடியது. இரண்டாயிரத்து மூன்றில் ஒரு மாலை, உஸ்தாத்தின் மகள் கீர்த்தி என் வீட்டுக்கு வந்தாள். இருபது வயது, பல்கலைக்கழக ஓட்டக்காரி. பெண்கள் மட்டும் போகும் ஒரு மலைப் பயணத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அதே கட்வால் பக்கம். அப்பா போகக் கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறாராம். இந்தியும் தமிழும் கலந்து, வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள்.

"அங்கிள், அப்பாக்கு என் மேல டவுட் இல்ல. அவர் மேலயே பரோசா... நம்பிக்கை இல்ல. என் டிரெய்னிங்கால ஒருத்தன் கை போச்சு, உன் காலும் போகணுமா சொல்றார்."

வியாழன்தோறும் விடுமுறையில் அவர் பூட்டிய கொட்டகைக்குள் போய், அந்தக் கெட்ட முழங்காலோடு மூட்டை சுமந்து பெட்டியில் ஏறி இறங்குகிறாராம். பக்கத்தில் என் நிமிஷங்களை எழுதிய அந்த நோட்டு திறந்தபடி கிடக்குமாம். எங்கே பிசகியது என்று பார்க்கிறாராம். ஏழு வருஷமாக. நீங்கள் அந்த மலைக்குப் போனவர், அப்பா பயிற்சியில் எது குறை என்று சொன்னால் அதைச் சரிசெய்து என்னைத் தயார் செய்வார், தயவுசெய்து வந்து சொல்லுங்கள் என்று கேட்டாள்.

வியாழக்கிழமை போனேன். உஸ்தாத் கொட்டகையில் பெட்டி மேல் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் இருந்த வீட்டுப் பக்கம் பார்த்து மனைவியிடம், பவுன், விச்சு வந்திருக்கான், டீ போடு என்றார். நான் உட்காரவில்லை.

"உஸ்தாத், நான் இறங்கல. ஜீப்ல வந்தேன். பதினாலு ஞாயித்துக்கிழமைல மூணு தடவைதான் இறங்கினேன். தண்ணியையும் மேலயே கொட்டிட்டேன்."

டீயோடு வந்த பவுன் அக்கா, வாசலில் நின்று கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே உள்ளே திரும்பிப் போனார். உஸ்தாத் நோட்டை எடுத்து என் பக்கத்தைப் பிரித்தார். நான் சொன்ன நிமிஷங்கள் வரிசையாக இருந்தன. ஓரமெல்லாம் சிவப்புப் பென்சிலில் கேள்விக்குறிகள், எடையைக் கூட்டியும் குறைத்தும் போட்ட கணக்குகள். அந்தப் பென்சிலை என்னிடம் நீட்டினார். இறங்காததையெல்லாம் அடிக்கச் சொன்னார்.

பதினொரு வரியை அடித்தேன். அழுத்தி அடித்ததில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. மிச்சமிருந்த மூன்று வரியை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கீர்த்தியைக் கூப்பிட்டு, நாளைக் காலை ஐந்தரைக்குக் கொட்டகையில் நிற்க வேண்டும் என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

என்னை அடிப்பார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நோட்டை மூடி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரவிசந்திரன்ட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றேன்.

"அப்ப பாதி தூரந்தான் வந்திருக்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தைலத்தை எடுத்தார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

கோர்படியிலிருந்து தாபோடிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டிலும் நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும். நடுவழியில் இறங்கி ஓடிவிடலாமா என்று நான் நினைக்காத ஸ்டாப் இல்லை. ரவிசந்திரனுக்கும் அன்று விடுமுறை. கதவைத் திறந்தவன், தீபாவளி இல்லாமலே என்னைப் பார்த்த சந்தோஷத்தில், எப்போதும் போல வலது கையை நீட்டினான்.