இரண்டு பிள்ளைகளும் ஒரு சரித்திர மாஷும்

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்குச் சரித்திரத்தையும் பூகோளத்தையும் கையால் செய்து பார்க்க வைப்பது என் தொழில். களிமண்ணும் கயிறும் அட்டையும் சுலபமாகக் கிடைக்கும், பிள்ளைகள் கிடைப்பதுதான் கஷ்டம். நான் இருக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில் வாத்தியாரை 'மாஷ்' என்பார்கள். தென்காசியிலிருந்து வந்த நானும் இங்கே மாஷ் ஆகிப் பல வருஷம் ஆயிற்று. ஐந்து பேரோடு தொடங்கினேன். மூன்று பேர் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். விரலில் பசை காய்ந்துகொண்டிருக்கும்போது, 'இதெல்லாம் பரீட்சையில வருமா?' என்று யாராவது கேட்டு, பதில் தெரியாமல் முழித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

கொடி நட்ட இடம்

ரின்சிக்குப் பத்து வயது. அப்பா தோப்பும்படி துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். தெற்கே கடலோரத்தில் இருந்த அவர்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, சுள்ளிக்கல்லில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் ரின்சி ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மழை பிடித்தால் போதும், வகுப்பிலிருந்து எழுந்து வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

ஒருநாள் பலகையில் களிமண்ணால் கொச்சிக் கரையைச் செய்தோம். கடலுக்கு நீலம் பூசினோம். அவரவர் பிறந்த வீடு இருக்கும் இடத்தில் பல்குத்தும் குச்சியால் ஒரு கொடி நடச் சொன்னேன். ரின்சி நீலத்தில் நட்டாள். நான் அதைப் பிடுங்கிக் கரையில் வைத்தேன். அவள் மறுபடியும் நீலத்துக்கே கொண்டுபோனாள். "நல்லாப் பார்த்து வை" என்று கொஞ்சம் அதட்டிவிட்டேன். அவள் நிமிரவே இல்லை.

"பார்த்துத்தான் வெச்சேன் மாஷே. எங்க வீடு அங்கதான் இருந்துச்சு. கரையும் அங்கதான் இருந்துச்சு."

காலியாக விட்ட வருஷம்

இன்னொருவன் சமீர். பன்னிரண்டு வயது. கொச்சங்காடியில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம், அவன் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா ஷார்ஜாவில். சமீருக்குத் திக்குவாய். வகுப்பில் அவன் வாசிக்க எழுந்தாலே சிரிப்பார்கள் என்று ஒருநாள் பையை வைத்துவிட்டுப் படுத்தவன், அப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை.

காலவரிசை என்றால் என்னவென்று காட்ட, அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, வருஷத்துக்கு ஓர் அட்டையாகத் தங்கள் வாழ்க்கையைத் தொங்கவிடச் சொன்னேன். சமீர் எல்லா வருஷத்துக்கும் எழுதினான், ஒன்றைத் தவிர. "இந்த வருஷம் என்ன ஆச்சு? சரித்திரத்தில் இடைவெளி விடக் கூடாது" என்றேன். சொல்ல முயன்றான். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. முகம் சிவந்தது. அவன் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் அது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவனை அழைத்துப்போக வந்த அவன் அம்மா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"ராஜாக்க கதைய நோண்டி நோண்டிக் கேளுங்க மாஷே. என் புள்ள கதைய விட்டுருங்க."

சுக்குக் கிடங்கு

அதற்குப் பிறகும் அந்த அம்மா பிள்ளையை அனுப்பினார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டு வரைபடத்தில் குறிப்பதற்காக இரண்டு பேரையும் ஒரு சுக்குக் கிடங்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே மேஸ்திரி ஒரு மலையாளி; வயது அறுபது இருக்கும். ரின்சி சட்டென்று கேட்டு முடித்தாள். சமீர் 'சு' என்று தொடங்கி அங்கேயே நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "சுக்கு எங்கேயிருந்து வருதுன்னு கேக்கறான்" என்று நானே முடித்துவைத்தேன். மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அவனோட சோத்யம் அவன் சோதிக்கட்டே மாஷே. லாரி வர இனியும் நேரமுண்டு."

'சோத்யம்' என்றால் கேள்வி, 'சோதிக்கட்டே' என்றால் கேட்கட்டும். சமீர் அன்றைக்கு நாலு கேள்வி கேட்டான்.

ஷார்ஜாவிலிருந்து வந்த அத்தா

கிடங்கில் கேட்டதை வைத்து சமீர் ஒரு பெரிய அட்டையில் வயநாட்டிலிருந்து கொச்சி வரைக்கும், கொச்சியிலிருந்து அரபிக்கடலைத் தாண்டியும் நிஜச் சுக்குத் துண்டுகளை ஒட்டி வழி போட்டான். யார் உதவியும் இல்லாமல் அவன் முடித்த முதல் வேலை அது. லீவில் வந்திருந்த அத்தா அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வழியின் கடைசித் துண்டு ஷார்ஜாவில் முடிந்திருந்தது. அதை விரலால் ஒருமுறை தொட்டார். பிறகு, அடுத்த மாதம் பையனை மலப்புறத்தில் விடுதியோடு இருக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னார்.

வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம், பையன் இப்போதுதான் வாய் திறக்கிறான், இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். கோபக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் அங்க மூட்ட தூக்கறேன் மாஷே. இவன் கையில சர்ட்டிபிகேட் இல்லாம எம் பக்கத்துல வந்து நிக்கக் கூடாது."

திங்கட்கிழமை

சமீர் விடுதிக்குப் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை நல்ல மழை. ரின்சி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நனைந்துகொண்டே வந்து, குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள். பாயில் ஒரே ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"நான் மட்டும்னா கிளாஸ் உண்டா மாஷே, இல்லன்னா வீட்டுக்குப் போகணுமா?"

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: வருகைப் பதிவேடு கிடையாது, அதனால் யார் வரவில்லை என்று நம் கையாலேயே எழுதி வைக்க வேண்டியதில்லை.